ஏரிக்கரையில் நடக்கவேண்டிய பயிற்சி

நமது தொடக்கப் பள்ளிகளில் வழங்கும் சூழ்நிலையியல் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பவர்கள், உன் ஊரில் உள்ள நீர்நிலைகளைக் கண்டு வா, உன் தெருவில் உள்ள மரங்களைக் கணக்கிட்டு எழுது, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள் என்ற விதமான ஏவல்கள் அங்கங்கே இடம்பெற்றிருப்பதைக் காண்பார்கள். புத்தகம் எழுதியவர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் எட்டு வயதுக் குழந்தை தனியே ஏரிக்குப் போக முடியாது, போகவும் கூடாது. உடன் செல்ல வேண்டியவர் ஆசிரியர். அந்த ஆசிரியரை, அவர் கற்ற காலத்திலோ, கற்பிக்கப் புகுந்த பின்னரோ, யாரேனும் ஓர் ஏரிக்கு அழைத்துச் சென்று, இங்கே இன்னது பாடம், அதை இவ்வாறு தொடங்கலாம், இந்த இடத்தில் பேசாமல் இருப்பது நலம் என்று காட்டியிருக்கிறார்களா என்று விசாரித்தால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது.

கொள்கை அளவில் நமக்குக் குறைவொன்றும் இல்லை. சுற்றுச்சூழல் கல்வி எல்லா நிலைகளிலும் கட்டாயமாக வேண்டும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைப்பதே முதற்கடமை என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கூறிற்று. தேசிய பசுமைப் படை என்ற பெயரில் பள்ளிகளில் மன்றங்களும் ஏற்பட்டன. இவற்றால் பாடம் வந்தது, தேர்வு வந்தது, ஜூன் மாதத்தில் மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று கற்பிக்கும் திறமை மட்டும் யாருக்கும் உத்தரவினால் வந்துவிடவில்லை. அது பழக்கத்தினால் வருவது. பழக்கியவர் ஒருவர் இருந்தால் வருவது.

இந்த நாட்டில் ஓர் ஆசிரியரின் கண்ணெதிரே கிடக்கும் பொருள் எத்தகையது என்பதற்கு ஏரி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டென்று கணக்கு. ஆகவே கிராமப் பள்ளிகளில் பலவற்றுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒன்று இருக்கவே செய்யும். கரையின் மேல் ஏறி நின்றவுடன் முதலில் எழுப்ப வேண்டிய வினா, இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பது. வரத்துக் கால்வாயைப் பின்பற்றிச் சற்றுத் தூரம் நடந்தால், மேலூர் ஏரியின் கலிங்கில் வழிந்த நீரே நம் ஏரிக்கு வருகிறது என்பதும், நம் கலிங்கில் வழிவது கீழூருக்குப் போகிறது என்பதும் பிள்ளைகளுக்கு விளங்கும். தன் ஊர் தனித்த ஊரன்று, ஒரு தொடரின் இடையில் இருப்பது என்ற இந்த ஒரு ஞானத்தை, நிலநூலில் எத்தனை பக்கம் படித்தாலும் அவ்வளவு தெளிவாகப் பெற முடியாது.

கரை ஏன் மேலே குறுகியும் அடியில் அகன்றும் இருக்கிறது? நீர்ப்பக்கத்துச் சரிவில் மட்டும் ஏன் கல் பாவியிருக்கிறார்கள்? கலிங்கின் மேல் வரிசையாக நட்டு வைத்திருக்கும் குத்துக்கற்கள் எதற்கு? மழைக்காலம் முடியும் தறுவாயில் அக்கற்களுக்கு இடையே மண்ணும் பலகையும் வைத்து அடைத்து, வழிந்தோடிப் போகக்கூடிய நீரில் ஓர் அடியேனும் கூடுதலாகத் தேக்கிக்கொள்வதற்கு நம் முன்னோர் செய்த உபாயம் அது என்பதைச் சொல்லாமல், பிள்ளைகளையே ஊகிக்க விட்டுப் பார்க்க வேண்டும். பத்து அபிப்பிராயம் வரும், ஒன்பது தவறாயிருக்கும், அந்த ஒன்பதிலும் யுக்தி இருக்கும். நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடுகிறது என்ற பௌதிக விதி, கரையின் வடிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மதகு வாய்க்காலின் அகலத்தையும் நீரின் ஆழத்தையும் கொண்டும், ஒரு சருகு அதில் குறிப்பிட்ட தூரம் மிதந்து செல்ல ஆகும் நேரத்தைக் கொண்டும், நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று கணக்கிடலாம், அது கணிதம். அந்த நீரை மேல்மடைக்காரனும் கடைமடைக்காரனும் எந்த முறைப்படி பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கேட்டால், அது குடிமையியல். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் ஏரி வாரியம் குறிப்பிடப்படுகிறது என்ற செய்தியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தம் ஊர் ஏரியை இன்று பராமரிப்பவர் யார் என்று கேட்டால் விழிக்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கவேண்டிய இடம் கரையே அல்லாது கரும்பலகையன்று.

உயிர்நூலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நாட்டுக் கருவேலத்துக்கும் சீமைக் கருவேலத்துக்கும் உள்ள பேதத்தை இலையிலும் முள்ளிலும் காயிலும் கண்டறிந்த குழந்தை, வகைப்பாட்டியலின் வாசலைத் தாண்டிவிட்டது என்றே கொள்ளலாம். வேடந்தாங்கலைச் சுற்றிய கிராமத்து உழவர்கள், பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாகிறது என்பதை அனுபவத்தால் அறிந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அப்பறவைகளைச் சுடக்கூடாதென்று கலெக்டரிடம் வற்புறுத்தி உத்தரவு பெற்றார்கள் என்று கூறுவர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இவ்வளவும் ஓர் ஏரியில் இருக்கிறது என்று நான் சொல்வதைக் கேட்கும் ஆசிரியர், இதை ஒரு நாளில் செய்ய முடியுமா என்று திடுக்கிடுவார். ஒரு நாளில் செய்ய முயல்வதே தவறு. ஆண்டுக்கொரு முறை பேருந்து அமர்த்தி, எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு, ஓர் அணையையும் ஒரு கோயிலையும் ஒரு மிருகக்காட்சிசாலையையும் பார்த்து இரவு திரும்பும் சுற்றுலா இனிமையானதுதான். அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் அது கல்வியில் வேறு வகை. நான் சொல்வது, அதே ஏரிக்கு, அதே பிள்ளைகளுடன், ஒரு பாடவேளை நேரத்துக்கு, மாதந்தோறும் போவது. ஆடியில் வெடித்துக் கிடக்கும் உள்வாய்ப் புலத்தையும், ஐப்பசியில் செந்நீர் புகுவதையும், மார்கழியில் நிறைந்த நீரில் இறங்கும் நாரையையும், பங்குனியில் சேற்றில் மீன் பிடிக்கும் கூட்டத்தையும் வரிசையாகக் கண்ட குழந்தைக்குத்தான் வடகிழக்குப் பருவமழை என்ற சொற்றொடர் பொருளுடையதாகும். நம் மாநிலத்து ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அப்பருவத்தின் மூன்று மாதங்களில்தான் பெய்கிறது என்பதைப் பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானியை வைத்துத் தானே அளந்து எழுதினால், மறக்கவும் மாட்டாது.

ஆசிரியர்கள் இதைச் செய்யாதிருப்பது சோம்பலினால் என்று நினைப்பவர்கள் பள்ளியின் நிலையை அறியாதவர்கள். பணி மாறுதல் கலந்தாய்வில் கிடைத்த ஊருக்கு ஓர் ஆசிரியர் வந்து சேர்கிறார். அவ்வூரின் ஒரே பேருந்தில் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறார். இரண்டு ஆசிரியர்கள் மட்டும் உள்ள பள்ளியில் ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டிருக்கிறார். நடுவே கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றச் சொல்லிக் குறுஞ்செய்தி வருகிறது. அவருக்கு அந்த ஏரியின் பெயர்கூடத் தெரியாமலிருந்தால் அதில் ஆச்சரியமில்லை. தனக்கே தெரியாத இடத்துக்கு முப்பது பிள்ளைகளை அழைத்துச் செல்லும் துணிவை நாம் யாரிடமும் எதிர்பார்க்க இயலாது. வகுப்பறையில் தெரியாததைத் தவிர்த்துவிடலாம். வெளியிலோ, சார், இது என்ன பூச்சி என்று ஒரு பையன் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் தவிர்க்க வழியில்லை. எனக்குத் தெரியவில்லை, வா, சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லும் நிதானத்தை, தெரிந்தவராகவே இருக்கவேண்டும் என்று பல்லாண்டுகள் பழக்கப்படுத்தப்பட்ட ஓர் உபாத்தியாயர் அடைவது எளிதன்று. பயிற்சியின் மிகக் கடினமான பகுதி இதுவே என்பது என் கருத்து. பூச்சியின் பெயரைக் கற்றுக்கொடுப்பதன்று.

இத்தகைய பயில்முறை நமக்குப் புதியதும் அன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதற் பேராசிரியராக 1915இன் இறுதியில் வந்து சேர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, விடுமுறையில் தத்தம் கிராமத்துக்குச் சென்று நிலம், கூலி, கடன், நீர், உணவு ஆகியவற்றை விசாரித்து எழுதி வரச் செய்தார். அவ்வாறு பிறந்ததே 1918இல் வெளிவந்த தென்னிந்தியக் கிராமங்கள் பற்றிய நூல். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி, வடமலைபுரம், பாலக்குறிச்சி முதலிய ஊர்கள் அதனால் பொருளாதார உலகில் பெயர் பெற்றன. ஏறக்குறைய இருபதாண்டுகளுக்குப் பின் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறுபடி ஆராய்வித்து 1940இல் வெளியிட்டார்கள். மாணவன் தன் ஊரைத் தானே பாடமாக்கிக்கொள்ளும் முறைக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டுமா? பல்கலைக்கழகத்தில் நடந்த அது தொடக்கப் பள்ளிவரை இறங்கி வரவில்லை, அவ்வளவே.

தொடக்கப் பள்ளிக்காக வந்தது ஆதாரக் கல்வி. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டையும், ஜாகிர் உசேன் குழுவின் அறிக்கையையும் அடிப்படையாகக் கொண்ட அத்திட்டம், கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல் என்னும் மூன்றோடும் பாடங்களைப் பொருத்திக் கற்பிக்க விரும்பிற்று. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வியமைச்சராயிருந்த காலத்தில் இங்கே அதற்கு ஊக்கம் கிடைத்தது. காந்திகிராமத்திலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் நல்ல மனிதர்கள் உழைத்தார்கள். ஆயினும் பொதுப் பள்ளிகளில் மூன்றில் ஒன்றான கைத்தொழில் மட்டும் நின்று, அதிலும் தக்கிளி சுற்றுவது மட்டும் மிஞ்சிற்று. சூழல் இரண்டும் மறந்துபோயின. 1964-66ஆம் ஆண்டுக் கோத்தாரிக் குழு பணி அனுபவம் என்ற புதுப் பெயரை முன்வைத்தபோது பழைய பெயருக்காகக் கண்ணீர் விட்டவர்கள் சிலரே. தக்கிளியைப் பள்ளிக்கு அனுப்பி வைக்கலாம், சூழலை அவ்வாறு அனுப்பி வைக்க முடியாது. அதை ஆசிரியரே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அந்த வீழ்ச்சியின் காரணமென்று எனக்குத் தோன்றுகிறது.

இதனிடையே நடந்த இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். 1953இல் இராஜாஜி அரசாங்கம் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் தத்தம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. தமிழ்நாட்டில் இன்றும் பள்ளிக்கு வெளியே கற்றல் என்று யாரேனும் வாயெடுத்தால், முதல் தலைமுறையாகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய் ஒருத்தி, அவனை மறுபடியும் மாடு மேய்க்கவா அனுப்பப் போகிறீர்கள் என்று ஐயுறுவதற்கு அந்த நினைவே காரணம். அவளுக்கு விடை சொல்லாமல் இந்தக் காரியத்தில் ஓரடியும் வைக்கக்கூடாது. 1953இல் பிள்ளை வெளியே அனுப்பப்பட்டான். ஆசிரியர் உடன் செல்லவில்லை. எந்த வாழ்க்கையிலிருந்து விடுபட வந்தானோ அதற்கே திருப்பப்பட்டான். நான் வேண்டுவதில், ஆசிரியர் உடன் செல்கிறார். புத்தகமும் அளவுகோலும் நோட்டும் உடன் செல்கின்றன. சலவைத் தொழிலாளியின் மகளும் நிலக்கிழாரின் மகனும் ஒரே மதகை ஒரே நூலால் அளக்கிறார்கள். பயிற்சி பெறாத ஆசிரியரைக் கொண்டு இதைச் செய்தால், அந்த வேறுபாடு கரைந்துபோய்ப் பழைய பயமே உண்மையாகிவிடக் கூடும்.

ஏனெனில் வெளி என்பது எல்லோருக்கும் ஒரே வெளியன்று. எந்தத் தெரு வழியே பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் செல்லலாம், எந்தப் படித்துறையில் யார் இறங்கினால் முணுமுணுப்பு எழும் என்பதெல்லாம் எழுதப்படாத சட்டங்களாக இன்னும் பல ஊர்களில் இருக்கின்றன. பெரியவரைக் கேட்டு எழுது என்னும்போது, ஆசிரியர் ஊர்த்தெருப் பெரியவரை மட்டும் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டால், அறிவு எந்தத் தெருவில் வசிக்கிறது என்ற பாடத்தையும் சேர்த்தே நடத்திவிடுகிறார். பல ஊர்களில் ஏரியை நன்கறிந்தவர் மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி. அவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். அவரை ஐயா என்றழைத்து, கரையில் நிற்கவைத்து, பிள்ளைகள் கேள்வி கேட்கும்படி ஓர் ஆசிரியர் செய்வாரானால் அவ்வூர்ப் பிள்ளைகள் அன்று கற்பது நீர்ப்பாசனம் மட்டுமன்று. ஆனால் இதற்கு விவேகம் வேண்டும். வேகம் மட்டும் போதாது. அவ்வாறே, வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரத்துக் கால்வாயைத் தேடிப் போனால், படத்தில் வாய்க்கால் இருக்குமிடத்தில் செல்வாக்குள்ளவர் ஒருவரின் வீடு இருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். அப்போது அரசு ஊழியரான ஆசிரியர் என்ன செய்வது? பிள்ளைகள் கண்டதைக் கண்டபடி பதிவு செய்யட்டும். தீர்ப்பு கூறுவது பள்ளியின் வேலையன்று என்பது என் எண்ணம். வேறு விதமாக எண்ணுபவர்களும் உண்டு. எவ்வாறாயினும் இவை பயிற்சியில் வெளிப்படையாகப் பேசப்பட வேண்டிய சங்கதிகள்.

அந்தப் பயிற்சி எங்கே நடக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாவட்டத் தலைநகரில், மின்விசிறி சுழலும் கூடத்தில், கருத்தாளர் ஒருவர் திரையில் படங்காட்ட, ஆசிரியர்கள் தேநீருக்குக் காத்திருக்கும் பணியிடைப் பயிற்சி, நீச்சலைப் பற்றிய உபந்நியாசம் போன்றது. குறுவள மையக் கூட்டம் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அதில் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தை முறைவைத்து ஒவ்வொரு பள்ளியின் ஊரிலும் நடத்தலாம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளர் அங்கே வரட்டும். காலையில் இரண்டு மணி நேரம் நடக்கட்டும். அவ்வூர் ஆசிரியர் தாம் கண்டதைக் காட்டட்டும், மற்றவர்கள் அவர் காணாததைக் காட்டட்டும். பிறகு மரத்தடியில் அமர்ந்து, கண்டவற்றில் எது மூன்றாம் வகுப்புக்கு, எது ஐந்தாம் வகுப்புக்கு, எது யாருக்கும் வேண்டாம் என்று பாடக் குறிப்பாக எழுதட்டும். ஓராண்டு இவ்வாறு சென்றால், ஒவ்வோர் ஆசிரியரும் சுற்றுவட்டாரத்து ஊர்கள் சிலவற்றை ஒரு மாணவராக இருந்து பார்த்திருப்பார்.

பணிமுன் பயிற்சியாகிய ஈராண்டுப் பட்டயப் படிப்பிலும், கற்பித்தல் பயிற்சிக்கென்று ஒரு பள்ளிக்கு அனுப்பப்படும் காலத்தில், அப்பள்ளியின் ஊரைப் பற்றி மாணவ ஆசிரியர் தாமே நடந்து விசாரித்து ஒரு வியாசம் எழுத வேண்டும் என்று விதிக்கலாம். ஸ்லேட்டர் கேட்டதைப் போன்ற ஒன்று. அது அழகாக அட்டை போட்டு, பழைய மாணவரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிய மற்றொரு ரெக்கார்டாகிவிடும் என்று சிரிப்பவர்களுக்கு நான் மறுப்புச் சொல்லேன். ஊரில் நடந்து திரிந்தே வாய்மொழித் தேர்வு நடத்தினால் அந்தத் தந்திரம் பலிக்காது என்று மட்டும் சொல்வேன். பள்ளியிலும் ஊர்ப் பதிவேடு ஒன்று இருக்க வேண்டும். ஆசிரியர் மாறுதலாகிப் போகும்போது சாவிக்கொத்தையும் வருகைப் பதிவேட்டையும் ஒப்படைப்பதுபோல், எந்த மரம் எப்போது பூக்கிறது, எந்தக் கிணறு ஆழம், யாரைக் கேட்டால் தெரியும் என்பதையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துப் போகட்டும்.

ஏரி ஒன்றுதான் பாடம் என்பதில்லை. அரியலூர் மாவட்டத்துப் பிள்ளையின் காலில், பள்ளிக்கு வரும் பாதையில் இடறும் கல், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடலாயிருந்தபோது வாழ்ந்த உயிரின் ஓடாயிருக்கக் கூடும். பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. கீழடியில் 2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை அகழத் தொடங்குவதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன்பே, கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட பழம்பொருள்களின் அருமையை உணர்ந்து தொல்லியல் அறிஞரிடம் சேர்ப்பித்தவர், அவ்வூர்ப் பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர். உடைந்த ஓடு என்று அவர் தூக்கியெறிந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நகரத்துப் பள்ளிகளுக்கு ஏரி எங்கே என்று கேட்பவர்களுக்குச் சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பும் கூவம் ஆறும் இருக்கின்றன. அவையும் தூரமென்றால், மழைநீர் வடிகாலின் மூடியொன்று போதும். வெயில் ஒரு தடை என்பது உண்மை. அதனால்தான் காலை முதல் பாடவேளையைச் சொல்கிறேன். பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் உண்மை. ஆனால் மதகில் அளந்த பின்னம், வகுப்பில் மறுபடி நடத்தவேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தடை பயம். ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? நீர்நிலை விளையாட்டுப் பொருளன்று. இந்த மாநிலத்தில் நீரில் மூழ்கிப் பிள்ளைகள் இறக்கும் செய்தி கோடைதோறும் வருகிறது. ஆகவே எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர், நீர் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து எத்தனை பெற்றோர் உடன் வரவேண்டும், முதலுதவி தெரிந்தவர் யார் என்பவற்றைத் தெளிவாக வகுத்து, அந்த விதிகளைக் கடைப்பிடித்த ஆசிரியருக்குத் துறை துணை நிற்கும் என்று பள்ளிக் கல்வித் துறை ஓர் ஆணை வெளியிட வேண்டும். அந்த ஆணை இல்லாமல் ஆயிரம் பயிற்சி அளித்தாலும், ஒரு தலைமையாசிரியரும் வாசற்கதவைத் திறக்க மாட்டார். அவரை நான் குற்றஞ்சொல்லவும் மாட்டேன். அந்த ஆணையை வெளியிட வேண்டிய அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம்: வரும் ஐப்பசி மழை பிடிக்கும் முன்னே, உங்கள் மாவட்டத்தில் ஒரே ஒரு குறுவள மையக் கூட்டத்தையேனும் ஓர் ஏரிக்கரையில் கூட்டுங்கள், நீங்களும் வந்து நடந்து பாருங்கள்.